வேகத்தை யாருங்க கேட்டது?

பிசினஸ் இன்டர்நெட் விற்க வருகிற ஆட்களுக்கு இனிமேல் ஆபீஸில் காபி கிடையாது. வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். "அப் டு 100 எம்பிபிஎஸ் சார்", "அப் டு 300 சார்". எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்கிற வேகக் கணக்கு. அந்த 'அப் டு'வுக்குள் பூஜ்ஜியமும் அடக்கம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் உயர்த்தி வைத்த வரையறைப்படி, குறைந்தது 2 எம்பிபிஎஸ் வந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ்.

எனக்கு 300 வேண்டாம் சாமி. 20 போதும். சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடி போகிற லாரி எங்கள் கேட்டில் நிற்கும்போது அந்த 20 இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி எங்களுடையது. கணக்கு, பில்லிங், கேமரா, பிரிண்டர் என்று ஒயர் உள்ள எல்லாமே என் தலையில். ஆண்டு வரவு செலவு 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது, கட்டாயம் என்று 2023 ஆகஸ்டிலிருந்து ஆகிவிட்டது. போர்ட்டலிலிருந்து ஐஆர்என் என்கிற பதிவு நம்பர் வராமல் பில் பில்லே கிடையாது. மாநிலத்துக்குள்ளேயே போனாலும் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கென்றால் இ-வே பில் வேண்டும், சரக்கோடு போகவேண்டிய ஆன்லைன் சீட்டு அது. அதாவது, பெட்டிகள் ஏறி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் சாப்பிட்டும் முடித்த பிறகு லாரியை நிறுத்தி வைப்பது இன்டர்நெட்தான். "அண்ணா, கிளம்பட்டுங்களா?" என்று அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். நான் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்ப்பேன்.

எங்கள் வீதியில் ஃபைபர் நிலைப்பதில்லை. பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய், மறுபடியும் பாதாள சாக்கடை. ஆக மிச்சம் இரண்டே வழி. ஒன்று, மொட்டை மாடியில் டிஷ் வைத்து, அவர்கள் டவரிலிருந்து ரேடியோ அலையில் இன்டர்நெட்டை இழுப்பது. இன்னொன்று, சிம் போட்ட 4ஜி, 5ஜி பெட்டி. இரண்டில் எது நல்லது என்று என்னிடம் கேட்டால், எதை விற்கிறவர் குறைவாகப் பொய் சொல்கிறார் என்று திருப்பிக் கேட்பேன்.

முதலில் மாடி டிஷ். வந்த பையன் டெலஸ்கோப் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "டவர் நல்லா தெரியுதுங்க சார், பிரச்சினையே இல்ல" என்றான். தெரிந்தால் போதுமா? 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டர் இணைப்பென்றால், நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றிச் சுமார் 6 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வளையம் உண்டு. ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். அந்த ஆரத்தில் 60 சதவீதமாவது மறைப்பில்லாமல் காலியாக இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் மாடிமேல் மாடி எழுப்பித் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றினார். டவர் கண்ணுக்கு இன்னும் தெரிகிறது. வேகம் கால்வாசி ஆகிவிட்டது. புகார் சொன்னால், "உங்க பக்கம் சிக்னல் இருக்குதுங்களே" என்று பதில்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்த அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை 2018-ல் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்டது. நல்ல காரியம்தான், வீட்டு வைஃபைக்கெல்லாம் அதனால்தான் இடம் கிடைத்தது. ஆனால் பக்கத்துக் கம்பெனி மாடியில் இன்னொருவன் அதே சேனலில் டிஷ் வைத்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. புகார் கொடுக்க இடம் கிடையாது. சேனலை மாற்றுங்கள் என்று நம் ஆளிடம் கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றில் இவர்கள் ஒற்றை ஜிஐ பைப்பில் ஒரு கிளாம்பை மாட்டி, ஸ்டே ஒயர்கூடக் கட்டாமல் டிஷ்ஷை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். டிஷ் இரண்டு விரற்கடை திரும்பினால் போதும், எல்லாம் முடிந்தது. திருப்பி வைக்க ஆள் வருவதற்குள் ஷிப்மெண்ட் தேதி போய்விடும்.

சரி, சிம் பெட்டிக்கு வருவோம். அதை மாட்டிவிட்டுப் போனவர் எங்கே வைத்தார் தெரியுமா? தகர ஷீட் போட்ட கட்டடத்துக்குள்ளே, இரும்பு பீரோவுக்கு மேலே. பெட்டியில் நான்கு கோடும் எரிகிறது என்று செல்ஃபி எடுத்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். கோட்டை வைத்து என்ன செய்ய? ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், டவர் சிக்னலின் பலம் அது. மைனஸ் 80 என்றால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 110 என்றால் மூச்சு வாங்குகிறது. அதோடு எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொன்று, இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்று சொல்வது. சிக்னல் எவ்வளவு இருந்தாலும் இரைச்சல் அதற்குச் சமமாக இருந்தால் அது பூஜ்ஜியத்தைத் தொடும். இந்த இரண்டையும் பார்க்கத் தெரியாதவரை டெக்னீஷியன் என்று அனுப்புகிறார்கள். பெட்டியை மாடிக்கு, ஷீட்டுக்கு வெளியே ஏற்றியது நானும் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனும்தான்.

ஏற்றிய பிறகும் ஒரு வினோதம். காலையில் நன்றாக ஓடும். 11 மணிக்குப் படுத்துவிடும். 11:20-க்கு எழுந்துவிடும். மறுபடி சாயங்காலம் 5 மணிக்குப் படுக்கும். வைரஸ், கேபிள் என்று என்னென்னவோ தேடினேன். டீ டைம்! இந்த வீதியில் உள்ள அத்தனை யூனிட்டிலும் மெஷின் நின்று, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்கிறார்கள். டவரின் ஒரு செக்டாரில், அதாவது அது ஒரு திசைக்குக் கொடுக்கிற சிக்னலில், இருக்கிற கொள்ளளவை எல்லாரும் பங்கு போடுகிறார்கள். அவர்கள் பார்க்கட்டும், நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களுக்கு அந்த இருபது நிமிடம்தானே கிடைக்கிறது. என் கோபம் எல்லாம், மாதாமாதம் 'பிசினஸ் பிளான்' என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு அதே வரிசையில் என்னையும் நிறுத்தியவர் மேல்.

அப்லோடு பற்றிப் பேச்செடுத்தாலே பேச்சை மாற்றுவார்கள். 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டை 5ஜி-யில் இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கிறது. நேரத்தில் பெரும்பங்கு இறக்குவதற்குத்தான் ஒதுக்கப்படுகிறது. படம் பார்க்கிறவருக்கு அது சரி. நாங்கள் சாம்பிள் போட்டோ அனுப்ப வேண்டும், கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளின் பேக்கப் மேலே போக வேண்டும், கேமரா ஓட வேண்டும், பையரோடு வீடியோ காலில் துணியைக் காட்ட வேண்டும். எல்லாமே ஏற்றுகிற வேலை. பொது ஐபி-யும், அதாவது வெளியிலிருந்து நம்மைத் தேடி வருவதற்கான தனி இன்டர்நெட் முகவரியும், கிடையாது. நூற்றுக்கணக்கான பேரை ஒரே ஐபி-க்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பதால், வீட்டிலிருந்து ஆபீஸ் டேலிக்குள் நேராக நுழைய வழியில்லை. மாறாத ஸ்டேடிக் ஐபி கேட்டால், "அது என்டர்பிரைஸ் சார், வேற டீம்." அந்த வேற டீம் போனை எடுத்து நான் பார்த்ததில்லை.

சரி, இரண்டும் இருந்தால் ஒன்று போனால் ஒன்று இருக்கும் அல்லவா? அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு கம்பெனி, இரண்டு தொழில்நுட்பம், தானாக மாறுகிற ரவுட்டர். ஒரு நாள் மெயின் ரோட்டில் ஜேசிபி ஒரு கடி கடித்தது, இரண்டும் சேர்ந்து போயின. செல்போன் டவர் ஆகாயத்திலிருந்து இன்டர்நெட்டைப் பறித்துக் கொடுப்பதில்லை. ரேடியோக்காரர் டவரும் அப்படித்தான். இரண்டுக்கும் அடியில் ஃபைபர், அந்த இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில். விற்கும்போது இதைக் கேட்டேன். "அதெல்லாம் வேற வேற ரூட்டுங்க" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அன்றைக்கு இ-வே பில் எடுத்தது எதில் தெரியுமா? எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்ணின் பழைய போனில், வேறொரு நெட்வொர்க் சிம்மில், ஜன்னல் கட்டையில் அதை நிமிர்த்தி வைத்து. அந்தச் சிம்முக்கு அவள் கட்டுகிற ரீசார்ஜ் எங்கள் மாத பில்லில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இழப்பீடு கேட்கலாம் என்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக வந்தன. மொபைல் சேவை மாவட்டம் அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் படுத்தால் போஸ்ட்பெய்டு வாடகையில் கழிவு உண்டு. எங்கள் வீதி ஒரு மாவட்டமாக இருந்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன். ஒப்பந்தத்தில் 99.5 சதவீத நேரம் லைன் இருக்கும் என்று போட்டிருந்தார்கள், படிக்கும்போது அழகாக இருக்கிறது. 30 நாள் மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 3 மணி 36 நிமிடம் படுத்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. அந்த 3 மணி 36 நிமிடமும் எப்போதும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருகிறது என்பது என் ஜாதகம் போலிருக்கிறது.

இப்போது எவர் வந்தாலும் ஒரு தாளை நீட்டுகிறேன். உங்கள் டவருக்கு ஃபைபர் எந்த ரோடு வழியாக வருகிறது? கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம்? அப்லோடு குறைந்தபட்சம் எவ்வளவு? எழுதிக் கொடுங்கள். வேகத்தைப் பற்றி அதில் வேறு கேள்வியே இல்லை. இதுவரை வந்தவர்கள் மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், போனவர்கள்தான். நாளைக்கு ஒருவர் 5ஜி பெட்டியோடு டெமோ காட்ட வருகிறாராம். காலையில் 9 மணிக்கு வரட்டுமா என்றார். வேண்டாம், 11 மணிக்கு வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.