வேர் வேகமா வளருதுன்னா அது நல்ல சேதின்னு யாரு சொன்னது?

எங்க கடலூர் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு. பூமி சூடானா செடிகொடிக்கு நல்லதுதானாம், குளிர் நாட்டுக் காட்டுல வேரெல்லாம் பல மடங்கு வளருதாம், விஞ்ஞானிங்களே சொல்லிட்டாங்களாம், குளோபல் வார்மிங்னு சொல்றதெல்லாம் சும்மா பூச்சாண்டியாம். இதுக்கு நாலஞ்சு பேரு கைதட்டி எமோஜி வேற போட்டிருக்காங்க. அதுல பாதி உண்மை, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

வேர் வளந்தது உண்மைதான். அமெரிக்காவுல மின்னசோட்டாவோட வடக்குப் பக்கம் மார்செல்னு ஒரு ஆராய்ச்சிக் காடு, அங்க ஒரு சதுப்பு. கறுப்பு ஸ்ப்ரூஸ், லார்ச்னு ஊசியிலை மரங்க நிக்கும், கீழ குட்டைப் புதர், அதுக்கும் கீழ ஸ்பேக்னம் பாசி, அந்தப் பாசி மக்காமலே ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா சேந்து உண்டானதுதான் பீட் மண்ணு. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் அமெரிக்க வனத்துறையும் சேந்து அங்க மரமே உள்ள அடங்குற அளவுக்குப் பெரிய, கூரை இல்லாத கூண்டுங்க 10 கட்டி, 2014ல ஆழமான மண்ணையும் 2015லேருந்து காத்தையும் சேத்து சூடாக்குனாங்க. ஒண்ணுல 2.25 டிகிரி கூட, இன்னொண்ணுல 4.5, இப்படியே 9 டிகிரி வரைக்கும்.

2020ல வந்த கணக்கு இது. சூடேத்தாத இடத்துல புதரோட சல்லி வேர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருஷத்துல சுமார் 0.9 கிலோமீட்டர் நீளம் வளந்துச்சு. மண்ணு ஒவ்வொரு டிகிரி சூடாக சூடாக அதோட இன்னும் 1.2 கிலோமீட்டர் கூடிக்கிட்டே போச்சு, ரெண்டாவது வருஷம் அந்த வேகம் டிகிரிக்கு 2.5 கிலோமீட்டர் ஆயிடுச்சு. கவனிங்க, இப்படிப் பாய்ஞ்சது முக்கியமா புதரோட வேரு, மரம் அந்த அளவுக்கு ஓடல. ஃபார்வர்டுல இந்த வரி மட்டும் காணோம்.

ஏன் வளருது? வளர்ற சீசன் நீண்டதுனால கிடைச்சது அஞ்சுல ஒரு பங்குதான். மண்ணு எங்க அதிகமா காய்ஞ்சுதோ அங்க வேரும் அதிகமா ஓடியிருக்கு. சதுப்புல தண்ணி நிக்கிறவரைக்கும் கீழ காத்து போகாது, வேரும் மேலாக்கவே நிக்கும். தண்ணி இறங்குனா காத்து உள்ள போகும், வேரும் பின்னாடியே போகும். ஆனா அதே காத்துதானே கிருமிக்கும் போகுது? இத்தனை காலம் மக்காம கெடந்த பீட்டை அதுங்க தின்ன ஆரம்பிச்சிடும். அதே சோதனையில பாசி சுருங்குச்சு, கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் கூட வெளிய வந்துச்சு, சூடு ஏற ஏற அந்த நிலம் மொத்தமா கார்பனை இழந்துச்சு. மாசச் சம்பளம் கூடிச்சுன்னு ஸ்வீட் குடுக்குற வீட்டுல பாட்டன் சேத்த நிலம் ஏலத்துக்குப் போற கதைதான் இது. உலக நிலப்பரப்புல பீட் வெறும் 3 சதவீதம்தான், ஆனா மண்ணுல இருக்குற கார்பன்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அதுலதான் இருக்கு. புது சல்லி வேர் எத்தனை கிலோமீட்டர் வளந்தாலும் இதுக்கு ஈடாகுமா?

எங்கயோ மின்னசோட்டாவுல நடக்குறது நமக்கெதுக்குன்னு கேக்குறவங்க நெய்வேலியை நெனச்சுப் பாருங்க. அங்க வெட்டி எடுக்குற பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்துல சதுப்புல மக்காம பீட்டா கெடந்த மரஞ்செடிதான். கோடிக்கணக்கான வருஷம் பூமி பத்திரமா வச்சிருந்ததை நாம எரிக்கிறோம், அந்தப் புகை போய் இன்னொரு சதுப்பைக் காய வைக்குது. எங்க ஊரு கரண்டும் இதுலதான் ஓடுது, அதையும் சேத்துத்தான் சொல்றேன்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனா எல்லாரும் படகுல ஏறி செல்ஃபி எடுக்குறோம். தண்ணி வத்துற நேரத்துல ஓரமா நின்னு சேத்துக்குள்ள கைய விட்டுப் பாருங்க, கரேல்னு வரும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், அதுக்குள்ள நரம்பு கூட அழியாம பாதி மக்குன இலை இருக்கும். பக்கத்துலயே விரல் உயரத்துக்கு மூச்சு வேர் வரிசையா நீட்டிக்கிட்டு நிக்கும், ஏன்னா கீழ காத்தே கிடையாது. காத்து இல்லாததுனாலதான் அந்த இலையும் அப்படியே கெடக்கு. மின்னசோட்டாவுக்கும் நம்ம ஊருக்கும் சூடு வேற, மரம் வேற, ஆனா கார்பனைப் புடிச்சு வைக்கிற விதம் ஒண்ணுதான்.

இந்தப் பிச்சாவரம் காட்டுலயே ஒரு பழைய பாடம் இருக்கு. முன்னாடி மொத்தமா வெட்டுன இடத்துல தரை காய்ஞ்சு பள்ளமா இறங்கிடுச்சு, உள்ள வந்த கடல் தண்ணி திரும்பிப் போக முடியாம தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, அங்க எதுவுமே முளைக்கல. அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேந்து மொதல்ல வாய்க்கால் வெட்டி தண்ணி வந்து போக வழி பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் கன்னு நட்டாங்க. காடு திரும்ப வந்துச்சு, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேந்துச்சு. மொதல்ல தண்ணி, மண்ணு, பிறகுதான் மரம்.

நம்ம பக்கம் இது தலைகீழா நடக்குது. ஏரி ஓரத்துல கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்குவாங்க, கொஞ்ச நாள் கழிச்சு அதே மேட்டுல குழி தோண்டி ஆயிரம் கன்னு நட்டோம்னு பேனர் கட்டி போட்டோ எடுப்பாங்க. மரம் நடுறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, வெயில்ல வந்து நிக்கிற பசங்க நிஜமாவே ஆசையோடதான் வர்றாங்க. அந்த ஆசையை இடிபாட்டு மேல வீணாக்குறதுதான் வயிறு எரியுது. அடுத்த தடவை கடலூர்லயோ பாண்டியிலயோ யாராவது கன்னு நட கூப்பிட்டா கண்டிப்பா போங்க, ஆனா குழி தோண்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு மழைத் தண்ணி எந்த வழியா வந்துக்கிட்டு இருந்துச்சு, அந்த வழியை இப்ப யாரு அடைச்சு வச்சிருக்காங்கன்னு மைக்லயே கேளுங்க.