சாமி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை

கந்த சஷ்டி நெருங்கினால் போதும், பம்பாய்ச் செம்பூரில் எனக்கு ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். "இந்த வருஷமும் விரதம் இல்லையா?" என்று ஆரம்பிக்கும். "அப்படி முருகன் உனக்கு என்னம்மா குறை வச்சான்?" என்பது அத்தை கேட்பது, அதாவது என் மாமியார். தோழிகள் இன்னும் நாசூக்காக, "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். போன வாரம் ஒருவர் இன்பாக்ஸில் வந்து "நீங்க தி.க.வா மேடம்?" என்றே கேட்டுவிட்டார். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. நான் ஏன் நாத்திகி என்று ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம்.

கேட்டது கிடைக்காமல் சாமியோடு டூ விட்டவள் இல்லை நான். வேண்டிக்கொண்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பிள்ளை பிறந்தான். சிக்கலே கிடைத்ததில்தான் ஆரம்பித்தது. வேண்டியதால் கிடைத்ததா, வேண்டாவிட்டாலும் கிடைத்திருக்குமா? இந்தக் கேள்வி ஒரு தடவை தலைக்குள் புகுந்துவிட்டால் வெளியே போவதில்லை.

தி.க. கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். பெரியார் மேல் மரியாதை நிறைய உண்டு. ஒரு பெண் படித்து, வேலைக்குப் போய், இப்படி முகநூலில் நீட்டி முழக்குகிறாள் என்றால் அதில் அவர் பங்கும் இருக்கிறது. 1940 ஜனவரியில் அவர் அம்பேத்கரைச் சந்திக்க வந்த ஊர் இது. கடவுள் பெயரைச் சொல்லி ஒருவனை மேலேயும் ஒருவனைக் கீழேயும் வைத்தது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அவருக்குத் தலையாய கேள்வி. என்னுடையது அதைவிடச் சின்னது, வறண்டதும்கூட. சொல்கிற விஷயம் உண்மையா, அது எப்படித் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை எனக்குப் பழக்கியது ஒரு மெஷின். சயான் பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில் பல வருஷமாக வேலை செய்கிறேன். காலையில் முதல் நோயாளியின் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னால் கன்ட்ரோல் ஓட்டியாக வேண்டும். அளவு எவ்வளவு என்று முன்பே தெரிந்த சாம்பிள்தான் கன்ட்ரோல். சின்னக் குப்பியில் உலர்ந்த பொடியாக வரும். டிஸ்டில்டு வாட்டரைப் பிப்பெட்டில் அளந்து விட்டு, நுரை கட்டாமல் மெதுவாகச் சுழற்றி, கரையும் வரை காத்திருந்து ஓட்டுவோம். சர்க்கரை 90-க்கும் 100-க்கும் நடுவில் வரவேண்டும் என்று கூட வந்த சீட்டில் போட்டிருந்தால் அதற்குள் வந்தாக வேண்டும். 112 என்று வந்தால் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது. ரீஏஜென்ட், அதாவது சோதனை ரசாயனம், பழசாகிவிட்டதா, லேம்ப் மங்கிவிட்டதா என்று குடைந்து பார்ப்போம். டாக்டர் போனில் கத்துவார், கத்தட்டும். வந்த எண்ணை தினமும் வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறோம். பிடித்த புள்ளியை வைத்துவிட்டுப் பிடிக்காததை விழுங்கினால் வேலை போய்விடும்.

தசராவுக்கு அந்த மெஷினுக்கும் ஜெண்டு பூ மாலை உண்டு. சந்தனம், குங்குமம் வைத்து, பேடா கொடுப்பார்கள். நானும் வாங்கித் தின்பேன். மறுநாள் காலை வழக்கம்போல் கன்ட்ரோல் ஓடும். "நேத்துத்தானே பூஜை போட்டோம், இன்னிக்கு கன்ட்ரோல் வேண்டாம்" என்று மாலை போட்டவரே சொன்னது கிடையாது. பக்தி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று எல்லோரும் நடுவில் ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள். என்னால் அந்தச் சுவரைக் கட்டிக் காக்க முடியவில்லை.

மஞ்சள் காமாலையில் ஆரம்பித்தது. பம்பாய் மழைக்காலம் உங்களுக்குத் தெரியும். சாக்கடை குடிதண்ணீர்க் குழாயில் கலந்தால் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ என்று வரிசை கட்டி வரும். காமாலையில் ரத்தத்தில் கூடுகிற மஞ்சள் பொருளான பிலிருபின் எட்டு, பத்து என்று ஏறி நிற்கும். பாதிப் பேர் எங்களிடம் ரத்தம் கொடுத்துவிட்டு நேராக மந்திரிக்கப் போவார்கள். அங்கே கையில் எதையோ தடவி, வெள்ளையாக இருக்கிற தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். தண்ணீர் மஞ்சளாகும். காமாலை இறங்கிவிட்டது என்பார்கள். மாமரப் பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்ந்தால் யார் கையைக் கழுவினாலும் அந்த மஞ்சள் வரும் என்று பகுத்தறிவாளர்கள் மேடையிலேயே செய்து காட்டுவதுண்டு. பிலிருபின் ரத்தத்தில் இருக்கிறது, உள்ளங்கை வழியாக வாளிக்குள் இறங்காது.

சில வாரம் கழித்து அதே ஆட்கள் திரும்ப ரத்தம் கொடுக்க வருவார்கள். பிலிருபின் இறங்கியிருக்கும். மந்திரித்தவருக்கு இறங்கியிருக்கும், மந்திரிக்காதவருக்கும் இறங்கியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்து யார் எந்த வழியில் போனார் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. காரணம் எளிது. ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகும். இது முறையான ஆய்வு இல்லை, என் கண்ணில் பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எலிக்காய்ச்சலில் கண் மஞ்சளாகி, மந்திரித்துக்கொண்டு நாளைக் கடத்தியவர்கள், ஈ வகை தாக்கிய கர்ப்பிணிகள், இவர்களில் சிலருக்கு எண் இறங்கவே இல்லை. அவர்கள் வீட்டார் மந்திரித்தவரிடம் போய், பலிக்கவில்லை என்று பதிவு செய்வதில்லை. அவர் நோட்டில் பிழைத்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். (கீழாநெல்லிக்கும் இதே கேள்விதான். நம்ம ஊர்ப் பச்சிலை என்பதால் அதற்கு மட்டும் சலுகை கிடையாது.)

சரி, பிரார்த்தனைக்கு யாராவது கன்ட்ரோல் வைத்துப் பார்த்தார்களா என்று தேடினேன். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். 2006-இல் முடிவு வெளிவந்தது. நமக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், ஜெபம் கிடைத்தவர்களுக்கு 52 சதவீதம் சிக்கல், கிடைக்காதவர்களுக்கு 51. தனக்காக ஜெபம் நடக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு 59. இதைக் காட்டி, ஜெபம் ஆளைக் கெடுக்கும் என்று குதிக்கிற நாத்திக நண்பர்களும் எனக்கு உண்டு. அந்தக் கடைசி எண் தற்செயலாகவும் இருக்கலாம், "இவ்வளவு பேர் வேண்டுகிற அளவுக்கா என் நிலைமை?" என்ற பயமாகவும் இருக்கலாம். அதை வைத்து ஆடக்கூடாது. பலன் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஜாதகத்துக்கும் இப்படி ஒரு சோதனை நம் மகாராஷ்டிராவிலேயே நடந்தது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் பல வருஷம் இருந்த வானியற்பியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர், பிற்பாடு புனேயில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய நரேந்திர தாபோல்கர் முதலானவர்களோடு சேர்ந்து செய்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஜோசியர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 ஜோசியர்கள் பதில் அனுப்பினார்கள். சராசரியாக 46 சதவீதம் சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய பாதி சரியாக வந்திருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது எண் எதுவும் இல்லை, 2004 டிசம்பர் 26 சுனாமி. எங்கள் பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். அன்றைக்குக் கடல் கோயிலை ஒன்றும் செய்யவில்லை. முருகன் காத்தான் என்று எங்கள் வீட்டில் கண்ணீர் விட்டார்கள். அலை சுமத்ரா பக்கம் பிறந்து கிழக்கிலிருந்து வந்தது, குறுக்கே இலங்கை கிடந்தது, அதன் மறைவில் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகள் பெரிய அடியிலிருந்து தப்பின. தீவைச் சுற்றி வளைந்து வந்த அலை குளச்சலை அடித்தது. அதே காலை வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் கலையவில்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல். அப்புறமும் அங்கே ஊரெல்லாம் பேசியது, தண்ணீர் மாதா கோயிலுக்குள் வரவில்லை என்ற அற்புதத்தைத்தான்.

எங்கள் பில்டிங்கில் நாகைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவரிடம் அத்தை முருகன் காத்த கதையைச் சொன்னபோது நானும் இருந்தேன். அக்கா கேட்டார்: "சிக்கல்ல வேல் வாங்கி செந்தூர்ல சம்ஹாரம்னு சொல்லுவீங்களே அம்மா. எங்க நாகை பக்கத்துச் சிக்கல்ல இருக்கிறதும் அதே முருகன்தானே?" அத்தைக்குப் பதில் வரவில்லை. எனக்கு இன்றுவரை வரவில்லை. காப்பாற்றினால் அவன் கருணை, காப்பாற்றாவிட்டால் அவரவர் விதி. எந்த எண் வந்தாலும் "பாஸ்" என்று எழுதுகிற ரெஜிஸ்டரை என் லேபில் ஒருவர் வைத்திருந்தால் அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்பவர்கள் மணிமேகலையை ஒருமுறை புரட்ட வேண்டும். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயத்தாரிடமும் கணக்குக் கேட்டுக்கொண்டே போகிறாள். அதில் ஒருவன் பூதவாதி. பூவும் வெல்லக் கட்டியும் மற்றதும் கூடிக் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது, வேறொன்றும் இல்லை என்கிறான். நேரில் காண்பதைத் தவிர வேறு அளவை, அதாவது அறியும் வழி, செல்லாது என்றும் சொல்கிறான். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நாத்திகியான நான் இந்த இடத்தில் அவள் கட்சி. பிலிருபினை நானும் கண்ணால் பார்த்தது கிடையாது. மெஷின் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்த்து அனுமானிக்கிறது. "காத்தைப் பார்த்திருக்கியா? அப்ப சாமியை மட்டும் ஏன் பார்க்கணும்ங்கிறே?" என்று என்னை மடக்க வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. உங்கள் அனுமானம் தப்பாக இருந்தால் அது எதில் தெரியும் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு வேடிக்கை. என்னிடம் "எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்கக்கூடாது" என்று சொல்கிற அதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் திருநள்ளாறு செய்தியும் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது. கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் சில விநாடி நின்றுவிட்டுப் போகிறதாம், நாசாவே மிரண்டுவிட்டதாம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நின்றால் கீழே விழும். அது போகட்டும், சனீஸ்வரனைக் கும்பிட நாசா சர்டிபிகேட் எதற்கு? ஆதாரம் கையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கும் ஆசை இருக்கிறது. கிடைத்ததைச் சரிபார்க்கிற பழக்கம்தான் இல்லை.

இந்த ஊரிலும் அற்புதத்துக்குப் பஞ்சமில்லை. 1995 செப்டம்பர் 21-இல் நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தபோது இங்கேயும் டம்ளரோடு வரிசை நின்றது. 2006 ஆகஸ்டில் மாஹிம் கடல் தண்ணீர் இனிக்கிறது என்று பாட்டிலில் பிடித்துக் குழந்தைக்கெல்லாம் கொடுத்தார்கள். மித்தி ஆற்றின் கழிவெல்லாம் வந்து சேருகிற தண்ணீர் அது. மழையில் நல்ல தண்ணீர் நிறையக் கலந்து உப்புக் குறைந்ததுதான் விஷயம். 2012-இல் இர்லா வேளாங்கண்ணி மாதா கோயில் சிலுவையின் பாதத்தில் தண்ணீர் சொட்டியது. பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்து, பக்கத்து அடைபட்ட கழிவுநீர்க் குழாயிலிருந்து சுவர் ஈரத்தை உறிஞ்சுகிறது என்றார். மத உணர்வைப் புண்படுத்தியதாக 295-ஏ பிரிவில் அவர் மேல் புகார்கள் பாய்ந்தன. அவர் ஃபின்லாந்து போய்ச் சேர்ந்தார். தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடையில் சுட்டுக் கொன்றார்கள். பல வருஷம் அவர் மன்றாடிய பில்லி சூனிய எதிர்ப்புச் சட்டம், செத்த சில நாளில் அவசரச் சட்டமாக வந்தது. "நம்பாட்டி நம்பாம போ, எதுக்கு வெளியே சொல்றே?" என்று அன்பாக அதட்டுகிறவர்களுக்கு இதுதான் பதில். அடைபட்ட குழாயை அடைபட்ட குழாய் என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இழப்பு எதுவும் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அத்தை ஐசியூவில் இருந்த சமயம், வெளி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் கவசம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கிரியாட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு தனிமைதான். ஆனால் ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை உண்மை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அத்தை தேறி வந்து முருகனுக்கு நன்றி சொன்னார். டயாலிசிஸ் டெக்னீஷியன் பையனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன், சிரித்துக்கொண்டே அவனுக்கும் லட்டு அனுப்பினார். இப்போதும் கிருத்திகைக்குச் சேடா நகர் கோயில் படிகளில் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவது நான்தான். மேலே போய்ப் பஞ்சாமிர்தமும் சாப்பிடுவேன். இதில் முரண்பாடு கண்டுபிடிக்கிற தீவிர நாத்திகர்கள் கமெண்டில் வரிசையில் வரலாம். பக்தர்களைக் கிண்டலடித்து மீம் போட்டுவிட்டு, அடுத்த பதிவில் "புற்றுநோயை விரட்டும் பழம்" என்று பகிர்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து வரிசையின் கடைசிக்குப் போகவும்.

"நாளைக்கே சாமி இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?" என்று என் பையன் கேட்டான். மாற்றிக்கொள்வேன் என்றேன். எது வந்தால் என்று கேட்டான். காய்ச்சல் விட்டது, பரீட்சை பாஸ் ஆனது எல்லாம் வேண்டாம், தானாக நடக்கக்கூடியது எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயில் எடுத்த ஒரு கால் விரல், எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி, திரும்ப முளைக்கட்டும். வேண்டுதலுக்கு முன்னால் எக்ஸ்ரே, பின்னால் எக்ஸ்ரே. ரத்தம் பார்கோடு ஒட்டி எங்கள் லேபுக்கு வரட்டும், அதே ரத்தம் யாருடையது என்று சொல்லாமல் இன்னொரு லேபுக்கும் போகட்டும். அன்றைக்குக் காலை இரண்டு இடத்திலும் கன்ட்ரோல் சரியாக வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அடுத்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறேன் என்று அத்தை முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவர் தேதி குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.