ஒரு ஃபாரம் குறைகிறது

வந்தவர்: இந்தப் புத்தகத்தை மாற்றிக் கொடுத்துவிடு அம்மா. குறைப் பிரதி.

கடைப்பெண்: பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா சார்?

வந்தவர்: கிழிந்திருந்தால் ஒட்டிக்கொண்டிருப்பேனே. இதில் ஒஃபீலியா சாகவில்லை.

கடைப்பெண்: என்ன சார்?

வந்தவர்: சாகவில்லை அம்மா. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டேன். ஓடைக்கரைக்குப் போகிறாள். சரி, இதோ விழப்போகிறாள் என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த பக்கத்தில் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு ஃபாரம் விட்டுப்போயிருக்கிறது. முழுசாகப் பதினாறு பக்கம். பைண்டிங்கில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

கடைப்பெண்: (புரட்டிப் பார்த்து) 212க்கு அடுத்து 213 இருக்கிறதே?

வந்தவர்: எண்ணை யார் வேண்டுமானாலும் போடலாம்.

கடைப்பெண்: சார், இது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் இல்லை. அதே கதையை, இளவரசன் ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியா சொல்வதுபோல இளையோருக்காக எழுதிய நாவல். அட்டையிலேயே போட்டிருக்கிறது.

வந்தவர்: அட்டையில் ஒரு பெண்ணின் முதுகுதான் தெரிகிறது.

கடைப்பெண்: முதுகுக்குக் கீழே பாருங்கள்.

வந்தவர்: 'அவள் கதை. அவள் குரல்.' சோப்பு விளம்பரம் என்றல்லவா நினைத்தேன்.

கடைப்பெண்: அவளே சொல்கிற கதை சார். கடைசிப் பக்கம் வரை அவள் உயிரோடு இருந்தால்தானே சொல்லி முடிக்க முடியும்?

வந்தவர்: ஏன், செத்த பிறகு சொல்லக் கூடாதா? அந்த நாடகத்தில் ஹாம்லெட்டின் அப்பா ஆவியாக வந்து மணிக்கணக்கில் பேசவில்லையா?

கடைப்பெண்: அவர் ராஜா. செத்த பிறகும் பேச இடம் கொடுப்பார்கள். இவளுக்கு உயிரோடு இருக்கும்போதே இருபது காட்சியில் ஐந்தில்தான் இடம்.

(அடுத்து நின்றிருந்த எனக்கு வேண்டியது ஒரு கோடு போட்ட நோட்டு. பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கிருந்த அவசரம் போய்விட்டது.)

வந்தவர்: இதெல்லாம் உனக்குப் பேச நன்றாக இருக்கும். மகளுக்குப் பாடத்தில் ஹாம்லெட். உதவியாக இருக்குமே என்று இதை வாங்கிக் கொடுத்தேன். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறார்கள், 'ஒஃபீலியாவின் மரணத்தை விவரிக்க' என்று. இவள் என்ன எழுதினாள் தெரியுமா? 'யார் பார்த்தது?' அவ்வளவுதான். ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

கடைப்பெண்: எவ்வளவு போட்டார்கள்?

வந்தவர்: முட்டை.

கடைப்பெண்: நான் திருத்தியிருந்தால் ஆறு போட்டிருப்பேன்.

வந்தவர்: ஆறா!

கடைப்பெண்: விவரிக்கச் சொன்னதை விவரிக்கவில்லை. அதற்காக நாலைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

வந்தவர்: நீயும் அவளோடு சேர்ந்துகொள். நான் கேட்கிறேன், மூலத்தில் இருப்பதை மாற்ற இவர்கள் யார்?

கடைப்பெண்: எந்த மூலம் சார்?

வந்தவர்: எந்த மூலமா? ஷேக்ஸ்பியர் எழுதியது.

கடைப்பெண்: 1603இல் அச்சானதா, அடுத்த வருடம் 1604இல் வந்ததா, அவர் இறந்த பிறகு 1623இல் தொகுத்துப் போட்டதா? மூன்றிலும் அவர் பெயர் இருக்கிறது, மூன்றும் ஒன்றுபோல இல்லை. 1603 பிரதியில் ஒஃபீலியாவின் அப்பா பெயர் பொலோனியஸ் இல்லை, கொராம்பிஸ். 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்பதற்கு அடுத்து வருகிற 'அதுதான் கேள்வி' என்ற புகழ்பெற்ற வரிகூட அதில் கிடையாது. 'ஆமாம், விஷயம் அங்கேதான் இருக்கிறது' என்கிற மாதிரி என்னவோ இருக்கும்.

வந்தவர்: அது அச்சுப்பிழை.

கடைப்பெண்: கதையே அவர் சொந்தக் கதை இல்லையே சார். சுமார் 1200இல் சாக்ஸோ என்கிற டென்மார்க்காரர் லத்தீனில் எழுதிவைத்தது. அதில் இளவரசன் பெயர் ஆம்லெத். சித்தப்பாவைக் கொன்ற பிறகும் நன்றாக இருக்கிறான். ராஜா ஆகிறான். இரண்டு கல்யாணம் வேறு. ஷேக்ஸ்பியர் அவனை அதே அரண்மனையில் தீர்த்துக்கட்டிவிட்டார். சாக்ஸோவைப் படித்தவர் ஒருவர் நாடகம் பார்க்க வந்திருந்தால் டிக்கெட்டை நீட்டி என்ன கேட்டிருப்பார்?

வந்தவர்: என்ன கேட்டிருப்பார்?

கடைப்பெண்: இளவரசன் செத்துவிட்டான், குறைக் காட்சி, மாற்றிக் கொடுங்கள் என்று.

வந்தவர்: அது வேறு, இது வேறு. உயிரோடு இருப்பவனைச் சாகடித்தால் இலக்கியம். செத்தவளைப் பிழைக்க வைத்தால் குழப்படி.

கடைப்பெண்: அதையும் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். 1681இல் நேஹம் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தை எடுத்து, கடைசியில் செத்துப்போகிற ராஜா மகள் கார்டீலியாவைப் பிழைக்க வைத்து, அதில் வருகிற எட்கருக்குக் கட்டியும் வைத்தார். இங்கிலாந்து மேடையில் ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் அதைத்தான் நடித்தார்கள்.

வந்தவர்: நூற்றைம்பது வருடமா? ஒருவர்கூட மாற்றிக் கேட்கவில்லையா?

கடைப்பெண்: கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உங்கள் ஒஃபீலியா விஷயமே புதிதில்லை. 2006இல் லிசா க்ளைன் எழுதிய நாவலிலும் அவள்தான் கதை சொல்கிறாள். செத்ததுபோல நடித்துவிட்டுத் தப்பித்துப் பிரான்சில் ஒரு கன்னிமடத்துக்குப் போய்ச் சேர்கிறாள்.

வந்தவர்: அதிலும் சாகவில்லையா?

கடைப்பெண்: இல்லை.

வந்தவர்: அப்படியானால் இரண்டும் ஒரே அச்சகம்.

(கடைப்பெண் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். சண்டையை முடித்துக்கொள்வதற்காக இல்லை, கையைக் காலியாக வைத்துக்கொள்வதற்காக என்று எனக்குப் பட்டது.)

கடைப்பெண்: கோபித்துக்கொள்ளக் கூடாது. நாடகத்தை நீங்கள் படித்திருக்கிறீர்களா?

வந்தவர்: படித்திருக்கிறேனாவது! கல்லூரியில் ஹாம்லெட்டாக மேடையேறியவனிடம் கேட்கிறாய். (மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணைப் பாதி மூடி) மண்டை ஓட்டை இப்படிப் பிடித்துக்கொண்டு, 'இருப்பதா, இல்லாமல் போவதா...' அரங்கத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை தெரியுமா?

கடைப்பெண்: சார், அந்த வசனம் மூன்றாம் அங்கம். மண்டை ஓடு ஐந்தாம் அங்கம்.

வந்தவர்: சேர்த்துப் பிடித்தால் எடுப்பாக இருக்கும்.

கடைப்பெண்: அந்த வசனத்தின்போது ஹாம்லெட் கையில் ஒன்றும் கிடையாது. கையில் புத்தகத்தோடு நிற்பது ஒஃபீலியா. பிரார்த்தனை செய்வதுபோல நடிக்கச் சொல்லி அவளை அங்கே நிற்கவைத்துவிட்டு, இப்போது ராஜாவாக இருக்கிற ஹாம்லெட்டின் சித்தப்பாவும் அவள் அப்பாவும் ஒளிந்துகொள்வார்கள். உங்கள் நாடகத்தில் ஒஃபீலியாவாக நடித்தது யார்?

வந்தவர்: அந்த வேஷமே இல்லையே.

கடைப்பெண்: இல்லையா?

வந்தவர்: ஆண்டுவிழாவில் எங்களுக்குக் கொடுத்தது அரைமணி நேரம். கத்திச் சண்டையை வெட்ட முடியாது, ஆவிக்குப் புகை போட ஏற்பாடு செய்தாகிவிட்டது. அதனால் அவள் வருகிற பகுதியை மட்டும் எடுத்துவிட்டோம்.

கடைப்பெண்: எவ்வளவு இருக்கும்?

வந்தவர்: ஒரு பதினைந்து, பதினாறு பக்கம்.

கடைப்பெண்: (நாவலை அவர் பக்கமாக நகர்த்தி) அந்த ஃபாரம்தான் சார் இது.

(பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் இல்லை. நான் நோட்டில் கோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.)

வந்தவர்: அதெல்லாம் இருக்கட்டும். வெட்டியவன் நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவளைப் பார். வாள் வீசுகிறாள். மூலிகை தெரிகிறது. அரண்மனையில் எல்லாரையும் விடப் புத்திசாலி. 'நான் மற்றப் பெண்களைப் போல இல்லை' என்று மூன்று இடத்தில் சொல்கிறாள். அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கடைப்பெண்: அது எனக்கும் ஆகாது. அதோ அந்தத் தட்டில் பன்னிரண்டு நாவல் இருக்கிறது. பன்னிரண்டு கதாநாயகிகளும் மற்றப் பெண்களைப் போல இல்லாதவர்கள். அந்த மற்றப் பெண்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வந்தவர்: பன்னிரண்டு பேருக்கும் முதுகுதானா?

கடைப்பெண்: ஒருத்திக்குப் பக்கவாட்டு முகம். அதை வேண்டுமானால் மாற்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ரோமியோ ஜூலியட் கதை, ரோசலின் சொல்கிறாள்.

வந்தவர்: யார் அவள்?

கடைப்பெண்: ரோமியோவின் காதலி.

வந்தவர்: அவள் பெயர் ஜூலியட்.

கடைப்பெண்: அது இரவு விருந்துக்குப் பிறகு. சாயங்காலம் வரை ரோசலின்தான். அவளை நினைத்துத்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பான், அவளைப் பார்க்கலாம் என்றுதான் விருந்துக்கே போவான். போன இடத்தில் அவளுடைய உறவுக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டான்.

வந்தவர்: ஒரே நாளிலா?

கடைப்பெண்: ஞாயிற்றுக்கிழமை பார்த்து, திங்கட்கிழமை கல்யாணம். வாரம் முடிவதற்குள் இருவரும் சாவு. பதினான்கு வயது நிரம்பாத பெண். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய பாட்டிலிருந்து. அதில் அவளுக்குப் பதினாறு.

வந்தவர்: வயதையும் குறைத்திருக்கிறாரா? அதைப் பார்த்து யாரும் மூலம், மூலம் என்று கத்தவில்லையா? (சட்டென்று நிறுத்தி) சரி, சரி. அந்த ரோசலின் நாடகத்தில் எங்கே பேசுகிறாள்? எனக்கு ஞாபகம் வரவில்லை.

கடைப்பெண்: பேசமாட்டாள். மேடைக்கே வரமாட்டாள். விருந்துக்கு அழைத்தவர்கள் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும்.

வந்தவர்: வராத பெண்ணுக்கு முந்நூறு பக்கமா?

கடைப்பெண்: வந்திருந்தால் உங்கள் கல்லூரியில் வெட்டியிருப்பீர்கள்.

(அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேப்பர் வெயிட் இன்னும் தன் கையில் இருப்பதைக் கண்டு, அதை இருந்த இடத்தில் மெதுவாக வைத்தார்.)

வந்தவர்: எனக்கு இந்தப் பக்கவாட்டு முகமெல்லாம் வேண்டாம். அசலையே கொடு. ஷேக்ஸ்பியர், ஹாம்லெட், முழு நாடகம். அவள் ஒழுங்காகச் சாகிற பிரதி. மகளுக்கு நானே அடிக்கோடு போட்டுக் கொடுக்கிறேன். எந்த இடம்?

கடைப்பெண்: நான்காம் அங்கம், ஏழாம் காட்சி. கடைசியில்.

(நின்றபடியே படித்தார். பின்னால் ஒரு பக்கம் திருப்பினார். முன்னால் இரண்டு பக்கம் போனார். மறுபடி வந்தார்.)

வந்தவர்: அவள் விழுகிற இடம் எங்கே?

கடைப்பெண்: அதுதான் சார்.

வந்தவர்: இது ராணி வந்து சொல்வது. வில்லோ மரம், மாலையைக் கிளையில் மாட்டப் போனாள், கிளை முறிந்தது, ஓடையில் விழுந்தாள். அது புரிகிறது. நடந்தது எங்கே?

கடைப்பெண்: அதை மேடையில் காட்டமாட்டார்கள். ராணி சொல்வது மட்டும்தான்.

வந்தவர்: துணி விரிந்து கொஞ்ச நேரம் மிதந்தாள் என்கிறாள். மிதந்துகொண்டே பழைய பாட்டுகளைப் பாடினாள் என்கிறாள். மாலையில் என்னென்ன இருந்தது என்றுகூட இருக்கிறது. டெய்சி, காஞ்சொறி, ஏதோ ஊதாப் பூ. அந்த ஊதாப் பூவை இடையர்கள் கொச்சையான பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள், பெண்கள் வேறு பெயர் சொல்வார்கள் என்று நடுவில் ஒரு விளக்கம் வேறு.

கடைப்பெண்: ஆமாம் சார்.

வந்தவர்: கரையில் நின்று பார்த்தவர் சொல்லாமல் இவ்வளவும் எப்படித் தெரியும்?

கடைப்பெண்: தெரியாது சார்.

வந்தவர்: பூ அடையாளம் தெரிகிற தூரத்தில் நின்றிருக்கிறார்கள். பாட்டும் காதில் விழுந்திருக்கிறது. துணி நனைந்து கனக்கிற வரைக்கும் நேரமும் இருந்திருக்கிறது. (பக்கத்தைத் திருப்பி, மறுபடி திருப்பி) ஓடிப்போய்க் கைகொடுக்கிற இடம் எங்கே?

கடைப்பெண்: அது இல்லை சார்.

(அவர் புத்தகத்தை அகல விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் தையல் ஓடுகிற இடத்தை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழ்வரை நெருடிப் பார்த்தார்.)

வந்தவர்: இதிலும் ஒரு ஃபாரம் குறைகிறது அம்மா. வேறு பிரதி இருந்தால் எடு.