கீபோர்டை அணைத்துவிட்டுக் கேலி பண்ணுங்கள்

அகாபெல்லாக்காரர்களை, அதாவது கருவியே இல்லாமல் குரலால் மட்டும் குழுவாகப் பாடுகிற எங்களைப் போன்றவர்களை, ஒரு நகைச்சுவைக் குழு மேடையில் பாட்டுப் பாடிக் கேலி செய்கிற அந்த வீடியோவை இன்னும் எனக்கு அனுப்பாதவர்கள் யாராவது இருந்தால் சிரமப்பட வேண்டாம், வந்து சேர்ந்துவிட்டது. இங்கே மும்பையில் முலுண்ட் சித்தி அனுப்பினார். ஆபீஸ் குரூப்பில் வந்தது. எங்கள் சொசைட்டி செக்ரட்டரிகூட, மெயின்டனன்ஸ் பாக்கியைத் தவிர வேறெதற்கும் மெசேஜ் அனுப்பாத மனிதர், ஒரு வரிசை சிரிப்பு எமோஜியோடு அனுப்பியிருக்கிறார்.

நானும் சிரித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'அகாபெல்லாக்காரனுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது' என்று ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரு கையைக் காதில் பொத்திக்கொண்டு கண்ணை மூடுவது, எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து விரல் சொடுக்குவது, குழுவுக்குச் சிலேடையாகப் பெயர் வைத்துவிட்டு அதை ஒவ்வொரு மேடையிலும் விளக்குவது, எல்லாம் உண்மைதான். யேல் பல்கலைக்கழகத்தில் 1909-இல் ஆரம்பித்த ஒரு குழு இன்னும் வால்கோட்டு மாட்டிக்கொண்டு பாடுகிறது. அதன் பெயர் விஃபன்பூஃப்ஸ். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு 'எங்களைக் கேலி பண்ணாதே' என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

என் பிரச்சினை ஒன்றே ஒன்று. கருவியே இல்லாமல் பாடுகிறவர்களைக் கேலி செய்கிற பாட்டுக்குப் பின்னால் கீபோர்டு ஓடுகிறது. இயர்போன் போட்டுக் கேளுங்கள். இரண்டாவது சரணத்தில் தெளிவாகக் கேட்கும். கீபோர்டு மட்டுமில்லை, தாளத்துக்கும் டிராக் வைத்திருக்கிறார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இதில்தான் எல்லாம் இருக்கிறது. அகாபெல்லாவில் ஆரம்பத்தில் ஒருவர் பிட்ச் பைப்பை ஊதி ஒரு சுரம் கொடுப்பார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நிற்கிறவன் குரலைத் தவிர ஒன்றும் கிடையாது. பாடப் பாடச் சுருதி மெதுவாகக் கீழே இறங்கும். எல்லாரும் சேர்ந்தே இறங்குவதால் யாருக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் பைப்பை மறுபடி ஊதிப் பார்த்தால் அரைச் சுரம் காணாமல் போயிருக்கும், தாதரில் ஏறி செம்பூரில் இறங்கும்போது பர்ஸ் காணாமல் போன மாதிரி. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வை வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. நீ விடும்போது நான் பிடிக்க வேண்டும், ஓட்டை விழுந்தது வெளியே தெரியக் கூடாது. இது ஒன்றும் ராக்கெட் விடுவது இல்லைதான். ஆனால் கீபோர்டு இருந்தால் இதில் எதுவுமே தேவையில்லை. கேலி பண்ணுங்கள். கீபோர்டை அணைத்துவிட்டுக் கேலி பண்ணுங்கள்.

'ஜாலிக்காகப் பண்ணினார்கள், விட்டுவிடேன்.' விட்டுவிடுகிறேன். அடுத்தவர்.

'நம்ம சங்கீதம் இவ்வளவு இருக்கும்போது வெள்ளைக்காரன் சமாசாரம் எதற்கு?' இதை நேரிலேயே சொன்ன சபா மாமா ஒருவர் இருக்கிறார். மாமா, கொன்னக்கோல் யாருடையது? தாளத்தை வாயால் சொல்லி நிமிர்ந்து உட்கார வைத்தவர்கள் நம் ஆட்கள்தானே? தாராவியில் நம் தமிழ்ப் பையன்கள் வாயாலேயே டிரம்ஸ் அடிக்கிற மாதிரி பீட்பாக்ஸ் பண்ணுவதைப் போய்க் கேளுங்கள், ஷண்முகானந்தா ஹாலிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 1993-இல் 'திருடா திருடா'வில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி'யைக் குரல்களை வைத்தே ரஹ்மான் கட்டினார். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் பாபி மெக்ஃபெரின் கருவியே இல்லாத ஒரு பாட்டை அமெரிக்காவில் முதல் இடத்துக்குக் கொண்டுபோனார். 'அவரும் ஸ்டுடியோவில் ஒட்டியதுதானே' என்று உடனே ஒருவர் வருவார். ஆமாம், ஒட்டினார். ஒட்டியது தன் குரலை, கீபோர்டை இல்லை.

இன்னொன்று. 2023-இல் பிரதமர் வாஷிங்டன் போனபோது பென் மசாலா குழு வெள்ளை மாளிகையில் பாடியது. அதுவும் அகாபெல்லாதான். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 1996-இல் தொடங்கிய குழு. அன்றைக்கு அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்கள் யார் தெரியுமா? இதே சித்தி, இதே ஆபீஸ் குரூப். அங்கே பாடினால் பாரதப் பெருமை. செம்பூரில் மூன்றாவது மாடியில் பாடினால் 'வாயாலேயே சத்தம் போடுகிறார்கள்' என்று வாட்ச்மேனை மேலே அனுப்புகிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு! கீழே தாண்டியா பிராக்டிஸ் நடக்கும்போது அந்த வாட்ச்மேன் எங்கே போகிறார் என்று தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கேலி வீடியோவில் வரும் 'டும் டும்' ஆள். எல்லாரும் அதிகம் சிரித்த இடம். பாட்டு முழுக்க ஒருத்தன் ஓரத்தில் நின்று 'டும் டும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான். முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து சேலை கட்டிய ஒரு ஆண் எழுந்து, 'எல்லாப் பிள்ளையளும் பாடுச்சே, எங்க பிள்ள எப்ப பாடும்?' என்று கேட்பார். அரங்கமே அதிர்ந்தது.

எங்கள் குழுவில் பேஸ், அதாவது அடியில் 'டும் டும்' என்று ஓடுகிற கீழ்க்குரல், பாடுவது நான். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தபோது எங்கள் நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியில் டாக்ஸியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: 'எய்யா, எல்லாப் பிள்ளையளும் பாடுச்சே, நீ எப்பய்யா பாடுவ?' இதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன். மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் அந்த நகைச்சுவைக் குழுவில் இருக்கிறார். பெயர் போடப் போவதில்லை, அவருக்குத் தெரியும்.

'நீயே சிரித்துக்கொண்டுதானே சொன்னாய்?' ஆமாம், சொன்னேன். என் அம்மாவைப் பற்றி நான் சிரிப்பதும், முந்நூறு பேர் முன்னால் ஒருவர் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பதும் ஒன்றா? இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. யாரோ அம்மாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். 'நான் கேட்டது தப்பாய்யா?' என்று போனில் கேட்கிறார். பேஸ் என்றால் என்ன, அது நின்றுவிட்டால் மற்றவர்கள் எப்படித் தடுமாறுவார்கள் என்றெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். 'சரிய்யா, சரிய்யா' என்றார். புரிந்ததா, என் சமாதானத்துக்குச் சொன்னாரா, தெரியாது.

இதற்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. கீபோர்டு தனிக் குற்றம்.

அந்தக் குழுவினர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதே பாட்டை டிராக் இல்லாமல், கீபோர்டு இல்லாமல் ஒரு தடவை முழுசாகப் பாடிப் போடுங்கள். விரல் சொடுக்குங்கள், காதைப் பொத்துங்கள், எங்கள் சிலேடைப் பெயரை இன்னும் நாலு விதமாகக் கிழியுங்கள். நானே ஷேர் பண்ணுகிறேன். அந்த முதல் வரிசை வசனத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கமெண்டில் வந்து 'டும் டும்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்குப் பதில் வராது. சித்தி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.