ஏற்காடு மூலிகை ஹெர்னியாவைக் கரைக்குமா?

“ஏற்காடு மலை மூலிகையை அரைத்துப் பற்று போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டினால் 48 நாளில் ஹெர்னியா கரைந்துவிடும், ஆபரேஷன் தேவையில்லை” என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கரைவதற்கு அது கட்டி அல்ல. வயிற்றுச் சுவரின் தசையில் விழுந்த இடைவெளி வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதுதான் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். கிழிந்த சாக்குக்கு மேலே பற்று போட்டால் தையல் விழுமா? பெல்ட் வீக்கத்தை உள்ளே அழுத்தி வைக்கும், ஓட்டையை மூடாது. கைக்குழந்தைகளின் தொப்புள் வீக்கம் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள் என நினைக்கிறேன். பெரியவர்களுக்கு அப்படி மூடாது.

நிற்க வைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டே மருத்துவர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் இருந்தால் ஸ்கேன். சரிசெய்ய அறுவை சிகிச்சைதான் வழி: பெரும்பாலும் வலை வைத்துத் தைப்பார்கள், வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலோ. எல்லோருக்கும் உடனே கத்தி என்பதில்லை. தொந்தரவில்லாத அரையிடுக்கு வீக்கமுள்ள ஆண்கள் சிலர் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம்.

ஆனால் வீக்கம் கல் போல இறுகி உள்ளே போகாமல், வலியோ வாந்தியோ வந்தால் 108-ஐ அழையுங்கள். குடலுக்கு ரத்தம் நின்றிருக்கலாம்.

சந்தேகமிருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.