பழ வாசனைக்கு வயசு கேட்க இங்கே சட்டம் இல்லை

சனிக்கிழமை காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன புரட்டாசியில் ஒருநாள் பலகையில் 'ழ' எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து தர்பூசணி வாசனை வந்தது. பதினாலு வயசுப் பையன், கையில் மார்க்கர் பேனா மாதிரி ஒரு வேப், அதாவது மின்-சிகரெட். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதுல புகையிலை இல்லை ஆன்ட்டி, ஃபிளேவர்தான்" என்றான். அவன் தாத்தா விரத மாசம் என்று கறியோடு சிகரெட்டையும் நிறுத்தியிருக்கிறார். அதே வீட்டுப் பிள்ளை.

அவன் பொய் சொல்லவில்லை. புகையிலை இல்லைதான். ஆனால் நிக்கோட்டின் இருந்தது, டப்பாவிலேயே போட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் புகையிலைச் சட்டமும் கிட்டத்தட்ட அவன் சொன்னதையேதான் சொல்கிறது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம், நடுவில் சில திருத்தங்கள். 18 வயசு ஆகாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. வேப்பில் புகையிலை இல்லை, அதனால் அது அந்த வரம்புக்குள் வரவில்லை.

இதைச் சரிசெய்யத்தான் 2018-ல் புது மசோதாவின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2022 டிசம்பரில் அது நாடாளுமன்றத்துக்குப் போனது. 2023-ல் மாகாணம் மாகாணமாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2024 தேர்தல் வந்ததும் மசோதா காலாவதியாகி, புது நாடாளுமன்றத்தில் மறுபடி எடுக்கப்பட்டது. 2025-லும் நாடாளுமன்றச் சுகாதாரக் குழு கருத்துக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வரைவு வந்தபோது ஏழு வயசாக இருந்தவன்தான் இன்று என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

இத்தனை வருஷத்தில் அரசு வேப் பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூன் 1 முதல் வேப் திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 2 ராண்ட் 90 சென்ட் தீர்வை போட்டார்கள். நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கணக்கு. பத்து மில்லிலிட்டர் அடைத்த ஒரு கருவிக்கு 29 ராண்ட். அதற்கப்புறம் விகிதத்தை ஏற்றியும் இருக்கிறார்கள். நான் வரிக்கு எதிரி இல்லை, விலை ஏறினால் பிள்ளைகள் வாங்குவது குறையும். ஆனால் அந்தப் பையன் வாங்கிய டப்பாவிலும் அரசுக்குப் பங்கு போயிருக்கிறது. அதை அவனுக்கு விற்கக் கூடாது என்று சொல்ல மட்டும் சட்டத்தில் இன்னும் ஒரு வாக்கியம் எழுதப்படவில்லை. எனக்குத் தாங்காமல் இருப்பது இதுதான்.

2021-ல் பெரியவர்களிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வேப் இழுப்பவர்கள் 2.2 சதவீதம். கேப் டவுன் பல்கலைக்கழகத்து நுரையீரல் மருத்துவர் ரிச்சர்ட் வான் ஸில்-ஸ்மிட்டின் குழு பிறகு 52 உயர்நிலைப் பள்ளிகளில் 25,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கேட்டது. நூற்றுக்குச் சுமார் 17 பேர் இழுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நாலில் ஒருவர். பெரும்பாலும் வசதியான பள்ளிகள் என்பதால் நாடு முழுக்க இதே கணக்கு என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதை யாரை நம்பி விற்கிறார்கள் என்று புரியும்.

ஊரில் இருக்கும் என் தம்பி, "இந்தியாவில் 2019-லேயே தடை பண்ணிட்டாங்க, நீங்களும் பண்ண வேண்டியதுதானே அக்கா" என்கிறான். 2020-ஐ இங்கே இருந்து பார்த்தவள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொரோனா ஊரடங்கில் மார்ச் 27 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை சிகரெட்டும் வேப்பும் விற்கவே கூடாது என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு நாள்கூட சிகரெட் கிடைக்காமல் போகவில்லை. பல மடங்கு விலைக்குக் கை மாறியது, கேள்விப்படாத பெயர்களில் பாக்கெட்டுகள் வந்தன. அந்தத் தடை செல்லாது என்று பிறகு நீதிமன்றமும் சொன்னது. கள்ளச் சந்தைக்காரன் யாரிடமும் வயசு கேட்கமாட்டான்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவர். வேப்புக்கு மாறித்தான் அதை விட்டார், இப்போது மாடிப்படி ஏறும்போது இருமுவதில்லை. அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. சிகரெட்டே தொடாத பதினாலு வயசுக்காரன் கதை வேறு. அவன் எதிலிருந்தும் மீள்வதற்காக அதை எடுக்கவில்லை.

மசோதாவில் நல்லது நிறைய இருக்கிறது. பொது இடக் கட்டடங்களுக்குள் புகைக்கவோ வேப் இழுக்கவோ கூடாது, கடையில் காட்சிக்கு வைக்கக் கூடாது, எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி, கம்பெனி அலங்காரம் இல்லாத வெற்று உறையில் வர வேண்டும். மொரீஷியஸ் 2023-லேயே வெற்று உறையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை: கம்பெனிகள், புகையிலை விவசாயிகள், ஸ்பாசா என்கிற சின்னத் தெருக்கடைக்காரர்கள் என்று. வயசு வரம்பை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை. வேப் வியாபாரிகளின் சங்கமே பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கிறது. பிறகு ஏன் அதையும் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வைக்க வேண்டும்? அதை மட்டும் தனியாகப் பிரித்து, சின்னத் திருத்தமாக முதலில் நிறைவேற்றுங்கள். மற்றதற்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடுங்கள்.

சாட்ஸ்வர்த்துக்காரர்களுக்குத் தாமதம் என்றால் என்னவென்று தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் 'சுகர்ஸ்' இந்தத் தெருக்களுக்குள் வந்தது. அது ஹெராயின் கலந்த பொடி, வேப் அதற்கு ஈடில்லை, இரண்டையும் ஒன்றாக்கிப் பேச மாட்டேன். ஆனால் அப்போதும் பெற்றோர்கள்தான் முதலில் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

அந்தப் பையன் வேப் வாங்கிய டீ-ரூமுக்குப் போனேன். இங்கே தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர். கல்லாவுக்கு மேலே, 18 வயசுக்குக் கீழே சிகரெட் கிடையாது என்ற போர்டு. அதற்கு நேர் கீழே, மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் வேப்புகள்: மாம்பழம், புளூபெர்ரி, தர்பூசணி. கடைக்காரர் என் மாமனார் வயசுக்காரர். பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசினார். "நான் இல்லைன்னா அவன் அடுத்த கடைக்குப் போவான்மா. எல்லாருக்கும் லா ஒண்ணுன்னா, நாளைக்கே இதுக்கும் ஒரு போர்டு மாட்டிடுவேன்." சொல்லிக்கொண்டே அந்தப் பெட்டியை எடுத்துச் சிகரெட் அலமாரிக்குள் வைத்துவிட்டார். அடுத்த கடையில் அது இன்னும் மிட்டாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.