ஆப்பிளுக்குச் சாம்சங் சில்லறையாகப் பணம் கட்டியதா?

காப்புரிமை வழக்கில் தோற்ற சாம்சங், ஆப்பிளுக்குத் தர வேண்டிய 100 கோடி டாலரை 5 சென்ட் நாணயங்களாக 30 லாரிகளில் ஏற்றி அனுப்பியதாக ஒரு செய்தி பல ஆண்டுகளாகப் பகிரப்பட்டு வருகிறது. இது உண்மையல்ல. மெக்சிகோவின் எல் டெஃபோர்மா என்ற நையாண்டித் தளம் எழுதிய கற்பனையே, நகைச்சுவை என்ற குறிப்பு உதிர்ந்துபோய்ச் செய்தியாக உலவுகிறது.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏறத்தாழ 105 கோடி டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று நடுவர் குழு 2012 ஆகஸ்ட் 24 அன்று கூறியது உண்மைதான். ஆனால் அத்தொகை உடனே செலுத்தப்படவில்லை. பின்னர் குறைக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு, 2018 ஜூனில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்ட பிறகே முடிவுக்கு வந்தது.

கணக்கும் இடிக்கிறது. அமெரிக்க நாணயச்சாலையின் இணையதளம் 5 சென்ட் நாணயத்தின் எடையை 5 கிராம் என்று குறிப்பிடுகிறது. 100 கோடி டாலருக்கு 2,000 கோடி நாணயங்கள், அதாவது 1 லட்சம் டன் தேவைப்படும். முப்பது லாரிகளில் ஏற்றினால் ஒவ்வொன்றும் 3,300 டன்னுக்கு மேல் சுமக்க வேண்டும். அப்படியொரு லாரி இருந்திருந்தால் அதுவே தலைப்புச் செய்தியாகியிருக்கும். வழக்கின் போக்கைச் சான் ஹோசே நீதிமன்றத்தின் பொது ஆவணங்களில் சரிபார்க்கலாம். இச்செய்தி உங்களுக்கு வந்தால், அருள்கூர்ந்து மேலும் பகிர வேண்டாம்.